குரல் சன்னமானவர்களுக்கு மைக் செட் உதவுமா?

கேள்வி கேட்டவர் ஒரு மகள். அவர் எழுதியதன் சுருக்கம் இது: அம்மாவுக்கு 6 வருடமாகப் பார்க்கின்சன் நோய். நடையையும் கை நடுக்கத்தையும் மாத்திரையில் ஓரளவு சமாளிக்கிறார். குரல்தான் உள்ளே போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கிறது, எதிர் நாற்காலிக்கு வருவதில்லை. அப்பாவுக்கோ காது மந்தம். அவர் "என்ன? என்ன சொன்னே?" என்று இரண்டு தடவை கேட்டதும் அம்மா "ஒண்ணுமில்லை" என்று விட்டுவிடுகிறார். ஆசிரியர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் மைக் செட் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். மைக்கைக் கழுத்துக்குக் கீழே துணியில் குத்தி ஆன் செய்தால் கீச்சென்று கூவுகிறது. வால்யூமைக் குறைத்தால் கேட்கவில்லை. இரண்டே நாளில் அலமாரிக்குப் போய்விட்டது. இன்னும் வாட்ஸ் அதிகமான செட் வாங்கலாமா, அல்லது இந்த யோசனையையே விட்டுவிடலாமா?

இரண்டும் வேண்டாம். அலமாரியில் இருப்பதை வெளியே எடுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் தவறு செட்டில் இல்லை, மைக் இருக்கும் இடத்தில்தான்.

நான் மருத்துவரும் இல்லை, பேச்சுப் பயிற்சியாளரும் இல்லை. 11 வருடம் முன்னால் ஒரு விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் வேலை செய்கிறது, அதனால் சொந்தமாக மூச்சு விடுகிறேன். ஆனால் விலா எலும்புகளுக்கு இடையில் இருக்கும் தசைகளும் வயிற்றுத் தசைகளும் என் பேச்சைக் கேட்பதில்லை. சத்தமாகப் பேசுவதற்குக் காற்றை உள்ளிருந்து தள்ளுவது அந்தத் தசைகள்தான். என் குரல்வளையில் ஒரு கோளாறும் கிடையாது, துருத்தியில்தான் கோளாறு. நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு. அப்போதிருந்து நாலு விதமான செட் மாற்றிவிட்டேன். மறுவாழ்வுப் பயிற்சிக்குப் போன இடத்தில் பழக்கமானவர்களுக்கும் மாட்டிப் பார்த்திருக்கிறேன். அதில் சிலர் பார்க்கின்சன்காரர்கள்.

முதலில் ஒரு சோதனை. டிவி, மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அம்மாவின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் உங்கள் காதைக் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதி வார்த்தையை மூளையே நிரப்பிவிடும், அதற்காகத்தான் கண்ணை மூடச் சொல்கிறேன். அவர் ஏதாவது ஒரு பத்திரிகையிலிருந்து, நீங்கள் முன்னால் படித்திராத ஐந்தாறு வரிகளைப் படிக்கட்டும். அந்தத் தூரத்தில் ஏறக்குறைய எல்லாம் புரிந்தால் அவருக்கு மைக் உதவும். புரியவில்லை என்றால், வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழறினால், அல்லது ஓடுகிற வேகத்தில் பாதியை விழுங்கினால், செட் போட்டும் அதே குழறல்தான் பெரிதாகக் கேட்கும். மைக் சத்தத்தைத்தான் கூட்டும், உச்சரிப்பைத் திருத்தாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

நீங்கள் "பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கிறது" என்று எழுதியிருப்பதால் அம்மா இந்தச் சோதனையில் தேறிவிடுவார் என்று நினைக்கிறேன். பார்க்கின்சனில் சன்னக் குரலும் குழறலும் கலந்தும் வரும், அதனால் ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள். பேச்சு வேகமாக ஓடுபவராக இருந்தால் மைக்கோடு சேர்த்து வேகத்தைக் குறைக்கும் பயிற்சியும் வேண்டும். தசைகளை இயக்கும் நரம்புகள் அழிந்துகொண்டே போகும் மோட்டார் நியூரான் நோயில் நாக்கும் உதடும் பலம் இழக்கும்போது மைக் கொஞ்ச காலத்துக்குத்தான் கைகொடுக்கும். அந்த நோய் இருப்பவர்களிடம் நான் சொல்வது, குரல் நன்றாக இருக்கும்போதே அதைப் பதிவு செய்து வைத்துவிடுங்கள் என்பதுதான். பிறகு கணினி வழியாகப் பேசும் நிலை வந்தால் அந்தப் பதிவிலிருந்து அவர்கள் குரலின் சாயலிலேயே பேச வைக்க முடியும். தசைகள் சீக்கிரம் களைத்துப்போகும் மயஸ்தீனியா நோய் இருப்பவர்களின் கதை வேறு. காலையில் குரல் நன்றாக இருக்கும், சாயங்காலம் தேய்ந்து போகும். அவர்கள் குரல் போன பிறகு மைக்கைத் தேடாமல், நன்றாக இருக்கும்போதே போட்டுக்கொண்டு பலத்தை மிச்சம் பிடிக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் காரணம் தெரிந்திருக்கிறது. காரணம் தெரியாமல் குரல் கம்மியோ காற்றாகவோ போய் 4 வாரத்துக்கு மேல் ஆகிறது என்றால் மைக் தேடக்கூடாது, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்வளையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு பக்கக் குரல் நாண் செயலிழந்து குரல் காற்றாகப் போவது உண்டு. அதற்கு ஊசி மூலமாகவும் சின்ன அறுவை சிகிச்சை மூலமாகவும் நாணை நடுவுக்குத் தள்ளிவைக்கும் வழிகள் இருக்கின்றன. சரி செய்யக்கூடியதை மைக் வைத்து மூடிவிடக் கூடாது.

இனி, "கொஞ்சம் சத்தமா பேசும்மா" என்று எல்லோரும் சொல்வதைப் பற்றி. சொன்னவுடன் ஒரு வாக்கியம் சத்தமாக வரும், அடுத்த வாக்கியம் பழையபடி இறங்கிவிடும். பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். பார்க்கின்சனில் தன் குரலைத் தானே அளக்கிற அளவுகோல் தளர்ந்துவிடுகிறது. அம்மாவைக் கேட்டால் சாதாரணமாகத்தான் பேசுகிறேன் என்பார், அது அவருக்கு உண்மை. நாம் சாதாரணம் என்று நினைக்கும் அளவுக்கு அவர் பேசினால், கத்துகிற மாதிரி அவருக்குக் கூச்சமாக இருக்கும். இந்த அளவுகோலைத் திருத்துவதற்கென்றே லொரெய்ன் ரேமிக் 1980-களில் உருவாக்கிய ஒரு பயிற்சி இருக்கிறது. பார்க்கின்சன் இருந்த லீ சில்வர்மன் என்ற பெண்மணியின் பெயரை அதற்கு வைத்தார்கள். வாரத்துக்கு 4 நாள், ஒரு மணி நேரம், 4 வாரம் என்று 16 அமர்வுகள். கடுமையான பயிற்சிதான். தொடர்ந்து செய்தவர்களிடம் வித்தியாசத்தை நானே கேட்டிருக்கிறேன். உங்கள் பேச்சுப் பயிற்சியாளரிடம் விசாரியுங்கள். மைக் வாங்கினால் அம்மா முயற்சி செய்யாமல் சோம்பேறியாகிவிடுவார் என்று யாராவது சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். பயிற்சி நேரத்தில் மைக்கைக் கழற்றி வைக்கலாம், சாப்பாட்டு மேஜையில் போட்டுக்கொள்ளலாம்.

சரி, கூவலுக்கு வருவோம். உங்கள் கேள்வியின் வேர் இதுதான்.

மைக் அம்மாவின் குரலை எடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தத்தில் கொஞ்சம் திரும்ப மைக்குக்குள் போகிறது. அது பெரிதாகி மறுபடி ஸ்பீக்கரில் வருகிறது, மறுபடி மைக்குக்குள் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் போனதைவிடக் கூடுதலாகத் திரும்பி வந்தால் ஒரு விநாடிக்குள் அது கூவலாக மாறிவிடும். சோரன் லார்சன் என்ற டென்மார்க் இயற்பியலாளர் பெயரால் இதை லார்சன் விளைவு என்பார்கள். குரல் பலமாக இருக்கும் ஆசிரியருக்கு வால்யூமைக் கொஞ்சம் வைத்தால் போதும், அந்தச் சுழலே தொடங்காது. அம்மாவின் குரல் சன்னம் என்பதால் நீங்கள் வால்யூமை ஏற்றுகிறீர்கள், மைக்கும் அவர் குரலைவிட ஸ்பீக்கரின் சத்தத்தையே அதிகமாகக் கேட்கிறது. ஆசிரியரிடம் ஒழுங்காக ஓடிய அதே செட் அம்மாவிடம் ஊளையிடுவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இதற்கு மருந்து தூரம். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால் மைக்குக்குக் கிடைக்கும் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடும். நீங்கள் குத்தியிருக்கும் இடத்திலிருந்து வாய்க்கு ஒரு சாண், அதாவது 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதையே வாயோரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு, அதாவது இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் மூன்று தடவை பாதியாக்கியிருக்கிறீர்கள். 18 டெசிபல் லாபம். இப்போது வாட்ஸ் கணக்கைப் பாருங்கள். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். அந்த 18 டெசிபலை வாட்ஸாலேயே பிடிக்க வேண்டுமானால் 5 வாட் பெட்டிக்குப் பதில் 320 வாட் பெட்டியை அம்மா இடுப்பில் கட்ட வேண்டியிருக்கும். கட்டினாலும் கூவும். செட் விற்பவர்கள் வாட்ஸைப் பெரிய எழுத்தில் போடுவார்கள், மைக்கைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அவர்களுக்குச் சொல்ல எளிதான எண் அதுதான், வேறென்ன.

மைக் கிட்டே வந்தால் இன்னொரு லாபமும் உண்டு. சாப்பிடும் இடத்துப் பாத்திரச் சத்தம், பக்கத்து அறைப் பேச்சு எல்லாம் அதே அளவில்தான் மைக்குக்குள் போகும், குரல் மட்டும் பல மடங்கு அதிகமாகப் போகும். கேட்பவருக்குத் தெளிவு கிடைப்பது அந்த வித்தியாசத்தில்தான்.

அதனால் அந்தக் காலர் மைக்கைக் கழற்றிவிட்டு, காதுக்குப் பின்னால் மாட்டிக் கன்னத்தை ஒட்டி வருகிற ஹெட்செட் மைக்குக்கு மாறுங்கள். மாட்டும் விதத்திலும் கொஞ்சம் நுணுக்கம் இருக்கிறது. வாய்க்கு நேர் முன்னால் வைக்கக்கூடாது. ப, த போன்ற எழுத்துகளைச் சொல்லும்போது வரும் காற்று மைக்கில் மோதிப் 'புஃப், புஃப்' என்று அடிக்கும். உதட்டின் ஓரத்துக்குப் பக்கவாட்டில், காற்று தாண்டிப் போகிற இடத்தில் இருக்க வேண்டும். பஞ்சு உறையைக் கழற்றாதீர்கள். எச்சில் படும், அதனால் அவ்வப்போது கழுவிக் காயவைக்க வேண்டும், மாற்று உறை இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் சத்தத்தை வாங்கும் மைக்காக இருந்தால் அதன் முகம் வாயைப் பார்க்க வேண்டும். தலைகீழாகத் திரும்பியிருந்தால் என்ன செய்தும் குரல் ஏறாது. எனக்கு விரல்களில் பிடிப்பு கிடையாது, என் தம்பி மனைவிதான் மாட்டிவிடுவாள். ஒரு நாள் முழுக்கச் செட் கெட்டுவிட்டது என்று இருவரும் புலம்பிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் பார்த்தால் மைக் முகத்தைத் திருப்பிக்கொண்டு கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மாவுக்குத் தலை நடுக்கம் இருந்தாலும் ஹெட்செட்தான் நல்லது, தலையோடு சேர்ந்து மைக்கும் ஆடும், தூரம் மாறாது. கண்ணாடி, காது கருவி, ஹெட்செட் கம்பி மூன்றும் காதில் ஏறினால் வலிக்கும். அப்படியென்றால் கழுத்தைச் சுற்றி வந்து மேலே வளைகிற வகை இருக்கிறது. படுக்கையிலேயே இருப்பவருக்கு வளைகிற தண்டில் பொருத்திய மைக்கைக் கட்டிலில் இறுக்கி வாயருகே கொண்டுவரலாம். தொண்டையில் ஒட்டி அதிர்வை எடுக்கிற மைக்குகளும் உண்டு. மூச்சுக் கருவியின் முகமூடி போட்டிருப்பவருக்கு அது வசதி. ஆனால் ச, ஸ, த மாதிரி உதட்டருகிலும் பல்லருகிலும் பிறக்கிற ஒலிகள் தொண்டையில் அவ்வளவாக இருப்பதில்லை. அதனால் மூக்கடைத்த மாதிரி மொத்தையாகக் கேட்கும். கிசுகிசுப்பாக மட்டுமே பேச முடிபவருக்கு அது உதவாது, கிசுகிசுப்பில் நாண் அதிர்வதே இல்லை. அவர்களுக்கு வாயோர மைக் வைத்தால் கிசுகிசுப்பேகூட ஒரு அறைக்குப் போதுமான சத்தமாகிவிடும்.

அடுத்தது ஸ்பீக்கர். இடுப்பில் கட்டச் சொல்லிப் பட்டை கொடுப்பார்கள். நின்றுகொண்டு பேசும் ஆசிரியருக்கு அது சரி. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது மடியில் அமுங்கி, துணிக்குள் புதைந்து, மேஜைக்கு அடியில் போய்விடும். என்னுடையதைச் சக்கர நாற்காலியின் கைப்பிடிக்கு முன்னால், வெளியே பார்க்கும்படி கட்டியிருக்கிறேன். அம்மாவுக்கு மேஜை மேல், அவரைவிட அப்பாவுக்குக் கிட்டத்தில், அப்பாவைப் பார்த்து வையுங்கள். ஸ்பீக்கரின் முகம் மைக்கைப் பார்க்கவே கூடாது. சுவருக்கு நேராகவும் வைக்காதீர்கள், சுவரில் பட்டுத் திரும்பும் சத்தமும் கூவலைக் கிளப்பும்.

ஸ்பீக்கரை அம்மாவிடமிருந்து தள்ளி வைக்க இன்னொரு காரணமும் உண்டு. தன் குரல் தன் காதுக்குப் பெரிதாகக் கேட்டால் யாராக இருந்தாலும் தன்னையறியாமல் குறைத்துப் பேசத் தொடங்குவார்கள். சுற்றிலும் இரைச்சல் கூடினால் நாம் தானாகக் குரலை உயர்த்துகிறோம் இல்லையா, அதன் மறுபக்கம் இது. அந்த உயர்த்தலை 1911-ல் எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எடுத்துச் சொன்னார். இன்றைக்கும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. பெட்டி அம்மாவின் மார்புக்கு நேரே இருந்தால் அவர் இன்னும் மெல்லப் பேசுவார், நீங்கள் இன்னும் ஏற்றுவீர்கள், திரும்பக் கூவல். வயர் கொஞ்சம் நீளமாக இருந்தால் தள்ளி வைக்கலாம்.

வயர் வேண்டாம், புளூடூத் இருக்கிறதே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. வீட்டில் கிடந்த நல்ல புளூடூத் ஸ்பீக்கரோடு மொபைலை இணைத்து, மைக் ஆப் ஒன்றைப் போட்டேன். 'வணக்கம்' என்று சொல்லி முடிக்கும் நேரத்தில் ஸ்பீக்கர் 'வண' என்று தொடங்கியது. இரண்டாவது வாக்கியத்தில் என் நாக்கு தட்டியது, மூன்றாவதில் நின்றேவிட்டேன். சாதாரண புளூடூத் ஸ்பீக்கரில் விநாடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரைகூடத் தாமதம் இருக்கும். ஐந்தில் ஒரு பங்கு விநாடி தாமதத்தில் தன் குரலைத் தானே கேட்டால் நன்றாகப் பேசுபவர்களுக்கே திக்கும் என்பது 1950-களிலேயே கண்ட விஷயம். பாட்டு கேட்க இந்தத் தாமதம் ஒரு பொருட்டில்லை, பேசுவதற்கு உதவாது. வயர் இல்லாமல்தான் வேண்டும் என்றால் மைக்குக்கென்றே செய்த வயர்லெஸ் செட்டாக, தாமதம் காதுக்குத் தெரியாததாக, போட்டுப் பார்த்து வாங்குங்கள். கையில் வாங்கியதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பாருங்கள், அதிலேயே தெரிந்துவிடும்.

பொத்தான்களைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. செட்டை யாருக்காக வாங்குகிறோமோ அவர் கை நடுங்கும், அல்லது என்னுடையதைப் போல மடங்காது. நகக்கண்ணால் தள்ளுகிற சின்னஞ்சிறு சுவிட்ச் இருந்தால் ஒவ்வொரு தடவையும் இன்னொருவரைக் கூப்பிட வேண்டும், கூப்பிடக் குரல் இல்லாததால்தானே மைக்கே வாங்கினோம். உருட்டுகிற பெரிய வால்யூம் குமிழ் உள்ளது நல்லது. சரியான இடத்தில் ஒரு சின்ன வண்ண ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள், தினமும் தேட வேண்டாம். சார்ஜ் போடுவதை மொபைலோடு சேர்த்து இரவில் ஒரு வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவைப் பற்றி. உங்கள் வீட்டுப் பிரச்சினையில் பாதி அவர் காதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர் காதுப் பரிசோதனை செய்துகொண்டாரா? வயதாவதால் வரும் காது மந்தத்தில் முதலில் போவது ச, த, க போன்ற மெல்லிய உயர் ஒலிகள். அம்மாவின் குரலில் பலம் குறைந்து கிடப்பதும் அவைதான். இருவருக்கும் ஒரே இடத்தில் ஓட்டை. காது கருவி வைத்திருக்கிறார் என்றால் அதோடு நேரடியாகப் பேசும் சின்ன வயர்லெஸ் மைக் ஒன்று கிடைக்கும். அதை அம்மாவின் வாயருகே பொருத்தினால் குரல் ஸ்பீக்கர் வழியாகப் போகாமல் அப்பாவின் காதுக்குள்ளேயே இறங்கும். கூவல் கிடையாது, அறை முழுக்க எதிரொலி கிடையாது. வீட்டில் இருவர் மட்டும் என்றால் மைக் செட்டைவிட இதுவே நல்ல வழி. விருந்தாளி வந்தால்தான் ஸ்பீக்கர் வேண்டும். எது செய்தாலும் செய்யாவிட்டாலும், பேசும்போது டிவியை நிறுத்துங்கள். செலவில்லாத மருந்து அது.

போனில் பேசும்போது ஸ்பீக்கர் செட் வேண்டாம். ஸ்பீக்கர் சத்தத்தைப் போனுக்குக் காட்டினால் குடத்துக்குள்ளிருந்து பேசுவது மாதிரி போகும். வாயருகே வருகிற மைக் உள்ள ஹெட்செட்டை நேரடியாகப் போனில் மாட்டினால் போதும். போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதுதான் சன்னக் குரலுக்கு மிக மோசமான வழி. வீடியோ அழைப்புக்கும் இதேதான்.

தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டரில் இருப்பவர்களைப் பற்றி இன்னொருவர் கேட்டிருந்தார், அவருக்கும் இரண்டு வரி. அங்கே முதல் பிரச்சினை காற்று குரல்வளைக்கு வராமல் குழாய் வழியாக வெளியே போய்விடுவது. அதற்குப் பேச்சு வால்வு என்று ஒன்று உண்டு, மூச்சை உள்ளே விடும், வெளியே விடாது, அதனால் காற்று மேலே குரல் நாண் வழியாகப் போகும். 1980-களில் அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டேவிட் மியூர், தசைச் சிதைவு நோயால் வென்டிலேட்டரில் இருந்த இளைஞர். தனக்குப் பேச வேண்டும் என்பதற்காகச் செய்தது. குழாயைச் சுற்றி மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டிருக்கும் பலூனில் காற்று இருக்கும்போது அந்த வால்வைப் போட்டால் மூச்சை வெளியே விட வழியே இருக்காது, உயிருக்கு ஆபத்து. அதனால் மருத்துவக் குழுதான் பொருத்திப் பார்க்க வேண்டும். குரல் வந்த பிறகு சத்தம் போதவில்லை என்றால் மைக் அடுத்த படி.

நம் கதைக்கு வருவோம். இதெல்லாம் செய்தும் அம்மா மாட்டிக்கொள்ள மறுக்கலாம். நானே முதல் 8 மாதம் மறுத்தேன். அந்த வருடம் ஒரு குடும்ப விழாவில் என்னைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து காதை வாயருகே கொண்டுவந்தார்கள். அன்புதான், ஆனால் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். ஒரு நகைச்சுவையை மூன்று தடவை சொன்னேன், மூன்றாவது தடவை யாருக்கும் சிரிப்பு வரவில்லை, எனக்கும்தான். அடுத்த வாரம் மைக்கை எடுக்கச் சொன்னேன். முதல் நாள் ரயில்வே அறிவிப்பு மாதிரி இருக்கிறதே என்று அண்ணன் பையன் சொன்னான். அதற்கு நான் சொன்ன பதில் கூடம் முழுக்கக் கேட்டது. அப்போதுதான் தெரிந்தது, இடைமறித்துப் பேசுவது என்று ஒன்று எனக்கு இல்லாமலே போயிருந்தது என்று. அது திரும்ப வந்தது.

நாள் முடிவில் மிஞ்சும் பலமும் கணக்கில் சேரும். முன்பு சாயங்காலம் ஆனால் பேச மனசிருந்தும் மூச்சிருக்காது. சத்தம் போட்டுப் போட்டுக் குரல் புண்ணாகிப்போன ஆசிரியர்களை வைத்து நெல்சன் ராய் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2002-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு மைக் செட், ஒரு பிரிவுக்குக் குரலைப் பேணும் அறிவுரை, மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை. 6 வாரத்தில் மைக் போட்டவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். அவர்களுக்கு இருந்தது வேறு பிரச்சினைதான், ஆனால் குரலை வலிந்து தள்ளாமல் பேசினால் அதற்கு நல்லது என்பது நமக்கும் பொருந்தும். என் விஷயத்தில் வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டையும் மைக்கும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பட்டை இல்லாவிட்டால் என் மூச்சு இன்னும் குறுகிவிடும். வேடிக்கையாக, படுத்திருக்கும்போதுதான் எனக்கு மூச்சும் குரலும் நன்றாக இருக்கும். கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அப்படித்தான்.

ஒரு கஷ்டமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ரகசியம் போய்விடும். மைக் ஆனில் இருப்பது மறந்துபோய், வந்தவரைப் பற்றி மெதுவாகச் சொன்ன வார்த்தை அவர் வாசலைத் தாண்டுவதற்குள் அவர் காதுக்கே போய்ச் சேர்ந்தது ஒரு தடவை. இருமல், மெல்லும் சத்தம், பெருமூச்சு எல்லாமே பெரிதாகும். ஆஃப் செய்வது அம்மாவின் கையிலேயே இருக்க வேண்டும், உங்கள் கையில் இல்லை. எப்போது கேட்க வேண்டும், எப்போது கேட்கக் கூடாது என்பதை அவர் தீர்மானிக்கட்டும்.

முதல் நாளே விருந்தாளிகள் முன்னால் போட வேண்டாம். நீங்களும் அவரும் மட்டும் இருக்கும்போது, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, மைக்கை வாயோரத்தில் சரி செய்து, அவர் பேசப் பேசக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கூவல் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து அதிலிருந்து ஒரு படி இறக்கி நிறுத்துங்கள், அங்கேதான் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பிறகு எதிர் நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்து அதே பத்திரிகை வரிகளைப் படிக்கச் சொல்லுங்கள், முதலில் மைக் இல்லாமல், அடுத்து மைக்கோடு. அப்பா கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லட்டும். பத்து வார்த்தையில் எத்தனை வந்தது என்று எண்ணினால் உங்களுக்கு விடை கிடைத்துவிடும், என்னைக் கேட்க வேண்டியதில்லை. ஒரு வாரம் கழித்து இன்னொன்றையும் கவனியுங்கள்: அம்மா "ஒண்ணுமில்லை" என்று சொல்வது குறைந்திருக்கிறதா.

இப்போதைக்கு வாங்க வேண்டியது ஹெட்செட் மைக் மட்டும்தான். வாங்கும்போது உங்கள் செட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். மொபைல் ஹெட்செட்டின் பிளக்கில் மூன்று கறுப்புக் கோடுகள் இருக்கும், மைக் செட்டுக்கான மைக்கின் பிளக்கில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அளவு ஒன்றாக இருப்பதால் உள்ளே போய்விடும், ஆனால் சத்தம் வராது. அங்கேயே மாட்டி, ஒன்று இரண்டு மூன்று எண்ணிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.